ரசகுல்லாவில் ரகசியம் இல்லை

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் தவறாமல் இடம்பிடிப்பது ரசகுல்லா டின். ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் குலுங்கி சென்னை வந்து, அங்கிருந்து இன்னொரு ராத்திரி வண்டி பிடித்து விருதுநகர் பக்கம் போய்ச் சேர்ந்தாலும் டின் அப்படியே இருக்கும். அத்தை திறந்து பார்த்து, பிழிந்து பார்த்து, "என்னப்பா, ஸ்பாஞ்சு மாதிரி இருக்கு" என்பார். பிறகு இரண்டு எடுத்துக்கொள்வார்.

என்னுடைய வேலை வங்கியில். சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் படிப்பது. எண்ணெய்ச் செக்கு, அரிசிப் பொரி, ஊறுகாய், பால் பண்டம் என்று விளைபொருளைப் பக்குவப்படுத்தி விற்பவர்கள்தான் அதிகம். திட்ட அறிக்கைகளில் "எங்கள் செய்முறை ரகசியமானது, வேறு யாருக்கும் தெரியாது" என்று ஒரு வரி அடிக்கடி வரும். கடன் கேட்கிறவர் அதைப் பெருமையாக எழுதுவார். படிக்கிறவர்களும் அதை ஒரு பலமாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த ஊரின் மிகப் பெரிய சிறுதொழிலான மிட்டாய்க் கடையின் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் நேர் எதிராக இருக்கிறது. ரகசியம் இல்லாததால்தான் அது வளர்ந்தது.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே 'சானா' என்றால் கொண்டைக்கடலை இல்லை. கொதிக்கும் பாலில் புளிப்பு விட்டுத் திரித்து, தண்ணீரை வடித்து எடுக்கும் மெத்தென்ற கட்டி. ரசகுல்லா, சந்தேஷ் இரண்டுக்கும் இதுதான் மூலப்பொருள். பாலைத் திரிப்பது குற்றம் என்ற நம்பிக்கை நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. நம் வீடுகளில் பால் திரிந்துபோனால் அம்மா முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படி இருக்க, வங்காளத்தில் மட்டும் வேண்டுமென்றே பாலைத் திரிக்கும் வழக்கம் எப்படி வந்தது?

உணவு வரலாற்றாசிரியர் கே.டி.அசயா இதற்குப் போர்த்துகீசியர்களைக் கை காட்டினார். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹூக்ளியில் அவர்கள் குடியேறினார்கள். பாலாடைக்கட்டி செய்யத் தெரிந்தவர்கள். கொல்கத்தாவுக்கு வடக்கே பண்டேல் என்ற ஊரின் பெயரில் இன்றும் ஒரு பாலாடைக்கட்டி நியூ மார்க்கெட்டில் கிடைக்கிறது. 1660களில் வங்காளத்துக்கு வந்த பிரெஞ்சுப் பயணி பெர்னியே, போர்த்துகீசியர் வாழும் இடங்களில் இனிப்பு வகைகள் நன்றாக இருப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். அசயா சொன்னதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை; சானா அதற்கு முன்பே உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். எப்படியானாலும் சரி, 19ஆம் நூற்றாண்டு கல்கத்தாவில் சானா இனிப்புகளே தனி உலகமாகிவிட்டன. 1826ல் தொடங்கிய பவ்பஜார் பீம் நாக் கடை, 1844ல் தொடங்கிய நகுர் கடை எல்லாம் இன்றும் நடக்கின்றன. பீம் நாக் கடையில் வங்காள எண்கள் போட்ட ஒரு பழைய சுவர்க் கடிகாரம் உண்டு, போனால் பாருங்கள்.

இனி கதாநாயகர். நொபின் சந்திர தாஸ், பிறப்பு 1845. பாக்பஜாரில் 1866ல் கடை போட்டார். சானா உருண்டையைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கொதிக்க வைத்தால் உடைந்து கரைந்துவிடும். அதை உடையாமல், பஞ்சு போல உப்ப வைத்தது 1868ல் என்பது அக்குடும்பம் சொல்லும் கணக்கு.

பார்க்க எளிது, செய்தால் கை சுடும். பசும்பால் சானாதான் மென்மையாக வரும். எருமைப்பால் சானா கெட்டிப்படும். சானாவை உள்ளங்கையால் தேய்த்துப் பிசைய வேண்டும். குறைவாகப் பிசைந்தால் உருண்டையில் வெடிப்பு விழும், அதிகமாகப் பிசைந்தால் நெய் பிரிந்து தட்டையாகிவிடும். பாகு நன்றாகக் கொதித்தால்தான் உருண்டைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி உள்ளிருந்து தள்ளும், ஓட்டை ஓட்டையாக உப்பும். அதே சமயம் பாகு கெட்டியாகிவிட்டால் உருண்டையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிச் சுருக்கிவிடும். எனவே இடையிடையே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்பது அடுப்படியில் நின்றவருக்குத்தான் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை அவர் என்ன செய்தார்? வந்து கேட்ட மற்ற மிட்டாய்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்கிறது குடும்ப வரலாறு. காப்புரிமை என்றால் என்னவென்று தெரியாத காலம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. 1859ல் திருத்தி எழுதப்பட்ட சட்டம் கண்டுபிடித்தவருக்கு 14 ஆண்டு தனியுரிமை கொடுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டின் முதல் விண்ணப்பமே இதே கல்கத்தாவிலிருந்துதான் போனது. 1856ல் டி பென்னிங் என்ற பொறியாளர், பங்கா இழுக்கும் இயந்திரத்துக்காகப் போட்டார். ரசகுல்லாவுக்குக் காப்புரிமை கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. நொபின் தாஸ் அந்தப் பக்கமே போகவில்லை.

கொஞ்ச காலத்துக்குள் ரசகுல்லா எல்லாத் தெருவிலும் வந்துவிட்டது. அவர் நஷ்டப்பட்டாரா? இல்லை. போட்டி வந்ததால் சானாவுக்குத் தேவை கூடியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மூங்கில் கூடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட சானா நகரத்துக்கு வந்தது. பவ்பஜாரில் சானாவுக்கென்றே ஒரு மொத்தச் சந்தை. சித்பூர் சாலை நூதன் பஜாரில் சந்தேஷ் அச்சு செதுக்கும் மரக்கடைகள். நல்ல கைக்காரர்கள் (இங்கே 'காரிகர்' என்பார்கள்) ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாறும்போது கைப்பக்குவமும் கூடவே போனது. பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் இதைப் பற்றி 1890ல் எழுதியிருக்கிறார். ஒரே தொழில் செய்பவர்கள் பக்கம் பக்கமாக இருந்தால் நுணுக்கங்கள் யாரும் பாடம் எடுக்காமலே பரவும், ஒருவர் செய்த புதுமையை மற்றவர் எடுத்து மேலும் ஒரு படி போவார் என்பது அவர் கருத்தின் சாரம். அவர் மனதில் இருந்தவை இங்கிலாந்தின் தொழில் நகரங்கள். வடக்குக் கல்கத்தாவின் மிட்டாய்க் கடைகளும் அதற்கு நல்ல சாட்சி.

அந்த மேலும் ஒரு படியைப் பாருங்கள். நொபின் தாஸின் மகன் கிருஷ்ண சந்திர தாஸ், அதாவது கே.சி.தாஸ், ரசகுல்லாவைத் தட்டையாக்கிச் சுண்டிய பாலில் போட்டு ரசமலாய் ஆக்கினார். 1930ல் கே.சி.தாஸ் கடை தொடங்கியது. அதே காலத்தில் டின் ரசகுல்லாவும் வந்தது. அதுவரை ரசகுல்லாவின் ஆயுள் ஓரிரு நாள். டின்னில் அடைத்த பிறகு அது கப்பல் ஏறியது.

டின்னில் அடைக்கும் வித்தைக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் நிக்கோலா அப்பேர். அவரும் மிட்டாய் செய்பவர்தான்! உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து மூடி, வெந்நீரில் வேகவைத்தால் கெடாது என்று பல ஆண்டு முயன்று கண்டறிந்தார். 1810ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. ஒரே நிபந்தனை: செய்முறையைப் புத்தகமாக அச்சிட்டு எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும். அவரும் அப்படியே செய்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டார். ஆக, என் அத்தை திறக்கும் டின்னுக்குள் பாரிஸில் ஒருவர் ஊருக்குச் சொன்ன வித்தையும் பாக்பஜாரில் ஒருவர் ஊருக்குச் சொன்ன வித்தையும் ஒன்றாக ஊறிக்கொண்டிருக்கின்றன. இரண்டில் ஒருவர் வாயை மூடியிருந்தாலும் அந்த டின் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

சொல்லிக் கொடுப்பது அடுப்படியோடு நிற்கவில்லை. 1880களில் பிப்ரதாஸ் முகோபாத்யாய் 'பாக் பிரணாலி' என்ற பெயரில் சமையல் முறைகளை வங்காளத்தில் அச்சில் கொண்டுவந்தார். பிறகு தாகூர் குடும்பத்து பிரக்ஞாசுந்தரி தேவியும் பெரிய சமையல் நூல் எழுதினார். சாதித் தொழிலாக, தகப்பன் மகனுக்கு மட்டும் சொன்ன விஷயம், எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் கிடைத்தது.

எல்லாம் இனிப்பாகவே போகவில்லை. 1965ல் மேற்கு வங்கத்தில் கடும் பால் தட்டுப்பாடு. முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென்னின் அரசு சானா இனிப்புகள் செய்வதையே தடை செய்தது. குழந்தைகளுக்குப் பால் இல்லாதபோது சந்தேஷ் எதற்கு என்பது வாதம். நியாயமில்லாத வாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான சிறு கடைகள், காரிகர்கள், சானா கொண்டுவரும் கிராமத்தார் எல்லோருக்கும் ஒரே நாளில் வேலை போனது. சில குடும்பங்கள் வெளியூர் பார்க்கத் தொடங்கின. 1970களில் கே.சி.தாஸ் பெங்களூரில் கடை திறந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நம்மவர்கள் பலர் முதல் ரசகுல்லாவை அங்கேதான் சாப்பிட்டிருப்பார்கள்.

அடுத்த சண்டை ஒடிசாவோடு. நொபின் தாஸுக்கு 'ரசகுல்லாவின் கொலம்பஸ்' என்று இங்கே ஒரு செல்லப்பெயர் உண்டு. யோசித்துப் பார்த்தால் வம்பான பெயர். கொலம்பஸ் போய் இறங்கிய இடத்தில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்களே! ஒடிசாக்காரர்கள் சொல்வதும் அதுதான். பூரி ஜகந்நாதர் தேர்த் திருவிழா முடிந்து கோயிலுக்குத் திரும்பும் நாளில் லட்சுமிக்கு ரசகுல்லா கொடுத்துச் சமாதானம் செய்வது தங்கள் பழைய வழக்கம் என்கிறார்கள். வங்காளத்துக்குள்ளேயே ஃபுலியாவின் ஹாராதன் மொய்ராதான் முதலில் செய்தார் என்று ஒரு கட்சி உண்டு.

வழக்கு எங்கே தீர்ந்தது தெரியுமா? நம் சென்னை கிண்டியில். நாட்டின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் அங்கேதான் இருக்கிறது. 2017 நவம்பர் 14 அன்று 'பங்களார் ரசகுல்லா'வுக்குப் பதிவு கிடைத்தது. 2019 ஜூலையில் 'ஒடிசா ரசகோலா'வுக்கும் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு பண்டம் என்பதே இதன் பொருள். வங்காளத்துடையது வெள்ளை, பஞ்சு. ஒடிசாவுடையது பழுப்பேறியது, இன்னும் மிருது. கிண்டி அதிகாரிகள் இரண்டு பேரையும் வெற்றியோடு அனுப்பிவிட்டார்கள்.

புவிசார் குறியீட்டில் எனக்குப் பிடித்த அம்சம், அது ஒரு கடைக்குச் சொந்தமாவதில்லை என்பது. வங்காள ரசகுல்லாவுக்கு விண்ணப்பித்தது மாநில அரசின் உணவு பதப்படுத்தும் கழகம். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019லும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020லும் குறியீடு கிடைத்ததே, அதுவும் அப்படித்தான். கோவில்பட்டியில் உற்பத்தியாளர் சங்கம் முன்னின்று வாங்கியது. பலர் கை பட்டு வளர்ந்த அறிவு பலருக்கும் சொந்தம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தப் பெயரை முறையாகப் பயன்படுத்த ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். படிவம், தர அளவு, பரிசோதனை. பெரிய கடை ஒரு ஆளை வைத்துச் செய்துவிடும். மூன்று பேர் வேலை செய்யும் தெருமுனைக் கடை என்ன செய்யும்?

இங்கேதான் இன்றைய சிக்கல் தொடங்குகிறது. உதாரணமாக, உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபர் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நல்ல விதிதான். ஆனால் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கடைக்காரர் எப்படிச் சொல்வார்? தாத்தா மூக்கால் முகர்ந்து சொன்னார். விதிக்கு அது போதாது. சோதனைக்கூடம் வேண்டும். கிடைக்காததும் இல்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. நதியா மாவட்டம் கல்யாணியில் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. சானாவின் அமிலத்தன்மை, வெப்பம், ஈரம் எல்லாம் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அவை இருக்கும் மொழி வேறு, காரிகர் பேசும் மொழி வேறு. 150 ஆண்டுகளுக்கு முன் பாக்பஜார் அடுப்படியில் நடந்த பேச்சு, கல்லூரிக்கும் கடைக்கும் நடுவே போதுமான அளவு நடக்கவில்லை.

இதையும் யாரும் யோசிக்காமல் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, காந்தியின் சொல்லுக்கு இணங்கி 1934ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தத் தொடங்கினார். செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ என்று ஒவ்வொன்றையும் சோதித்து, மேம்படுத்தி, கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அங்கே வேலை. கொல்கத்தாவுக்கு வடக்கே சோத்பூரில் சதீஷ் சந்திர தாஸ்குப்தா அதே காரியத்தைச் செய்தார். பிரபுல்ல சந்திர ராயின் பெங்கால் கெமிக்கல்ஸில் பெரிய பொறுப்பில் இருந்த வேதியியல்காரர். வேலையை விட்டுவிட்டு காதி பிரதிஷ்டானில் உட்கார்ந்து, சிறுதொழில்களுக்கு வழிகாட்டும் நூல்களை எழுதினார். மாடு வளர்ப்பு பற்றி 1945ல் அவர் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல் மாட்டுத் தீவனத்திலிருந்து நோய் வரை பேசுகிறது. சானாவின் கதை கடையில் தொடங்குவதில்லை, தொழுவத்தில் தொடங்குகிறது என்று புரிந்துகொண்டவர் அவர்.

அதை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது நொலேன் குடம். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்ச வெல்லம். நம் கருப்பட்டிக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம். நாம் பனையின் பாளையைச் சீவிப் பதநீர் இறக்குகிறோம். இவர்கள் ஈச்ச மரத்தின் தண்டையே மேல்பக்கத்தில் சீவிச் சாறு எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் பக்கம் மாற்றிச் சீவுவதால் மரம் முழுக்கப் படிக்கட்டு போல வெட்டுத் தழும்பு. இந்த வேலையைச் செய்பவர் பெயர் ஷியூலி. மரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்து, பிறகு வரும் முதல் சாறு உசத்தி. இரவில் குளிர் இறங்க வேண்டும். கொஞ்சம் வெயில் ஏறினாலும் சாறு புளித்துவிடும். ஆகவே விடியுமுன் பானையை இறக்கிக் காய்ச்ச வேண்டும்.

'நொலேன் குடேர் சந்தேஷு'க்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2010களில் மாநில காதி வாரியம் இந்த வெல்லத்தை டூத்பேஸ்ட் மாதிரி ட்யூபில் அடைத்து விற்கத் தொடங்கியது. சூட்கேஸில் கசியாமல் கொண்டு போகலாம். நல்ல புதுமை. ஆனால் இதெல்லாம் கடைக்கும் வாங்குபவருக்கும் வந்த புதுமை. மரம் ஏறுபவருக்கு என்ன வந்தது? ஈச்ச மரங்கள் செங்கல் சூளைக்குப் போகின்றன. விலை கட்டாததால் வெல்லத்தில் சர்க்கரை கலக்கிறார்கள். மணத்துக்கு எசன்ஸ் இருக்கவே இருக்கிறது. ஷியூலிகளின் பிள்ளைகள் கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள். நம் ஊர்ப் பனையேறிகளின் கதைதானே இது?

அறிவைப் பகிர்ந்தால் தொழில் வளரும் என்பதற்கு இந்த நகரத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பகிர்தல் கடையிலிருந்து கடைக்குப் போனது, கடையிலிருந்து புத்தகத்துக்குப் போனது, டின்னுக்கும் ட்யூபுக்கும் போனது. பால் கறப்பவரிடமும் மரம் சீவுபவரிடமும் மட்டும் சரியாகப் போகவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததும் யாராலும் எழுதி வைக்கப்படவில்லை. நொபின் தாஸிடம் கற்றுக்கொள்ள ஊரே வந்தது, ஏனென்றால் கற்றால் பிழைக்கலாம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. சொல்லிக் கொடுக்க இன்றைக்கும் கிழவர்கள் தயார். மரத்தில் கத்தி வைக்கும் கோணத்தைக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். கேட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கேட்பவருக்கு ஒரு கூலி கட்டுபடியாகும்படி செய்தால் ஆள் வரும். அதற்கான திட்ட அறிக்கை ஒன்று என் மேஜைக்கு வர வேண்டும் என்று ஆசை. அதில் 'எங்கள் செய்முறை ரகசியம்' என்ற வரி இல்லாவிட்டால் இன்னும் சந்தோஷம்.

'சந்தேஷ்' என்றால் வங்காளத்தில் சேதி என்றும் அர்த்தம். உறவினர் வீட்டுக்குச் சேதி சொல்லப் போகிறவர் கையில் இனிப்பும் கொண்டு போவார்; சேதியின் பெயரே இனிப்புக்கும் ஆகிவிட்டது என்பார்கள்.